பிச்சாவரமா, சுண்ணாம்பாறா, அரியாங்குப்பம் ஆறா? கோயிலோடு சேர்த்து ஒரு படகுச் சவாரி

நம் பக்கத்தில் மிதக்கும் கோயில் என்றால் அது தெப்பம்தான். காலிப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே மூங்கிலும் பலகையும் பரப்பி, அதன்மேல் விமானம் போல் அலங்காரம் எழுப்பி, உற்சவரை எழுந்தருளச் செய்து, கரையிலிருந்து கயிறு இழுத்துக் குளத்தைச் சுற்றி வருவார்கள். அர்ச்சகரும் மேளக்காரர்களும் ஏறுவார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஏற்றமாட்டார்கள். அதற்குச் சம்பிரதாயம் மட்டும் காரணமல்ல. அலங்காரம் உயர உயர பாரமும் மேலே ஏறி நிற்கும். நாலு பேர் ஒரே ஓரத்துக்கு நகர்ந்தாலும் அந்தப் பக்கத்துப் பீப்பாய்கள் அமுங்கித் தெப்பம் சாய்ந்துவிடும்.

அதனால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் "படகுல போய்ச் சாமி கும்பிடணும்" என்று கேட்டால், கடலூரிலும் புதுச்சேரியிலும் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆற்றிலோ கழியிலோ படகுச் சவாரி, அந்த நீரோடு உறவுள்ள கோயிலில் தரிசனம். இதற்கு மூன்று இடங்கள் உண்டு. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம். கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு படகுக் குழாம். புதுச்சேரி நகரை ஒட்டி அரியாங்குப்பம் ஆறு. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து "எது பெஸ்ட்" என்று கேட்பதில் பயனில்லை. சுண்ணாம்பாற்றில் நம்மைக் கொண்டுபோவது இன்ஜின், பிச்சாவரத்தில் துடுப்பு, அரியாங்குப்பத்தில் நம் கை. இந்த வித்தியாசம்தான் எதைப் பார்ப்போம், யாரைக் கூட்டிப்போகலாம் என்பதை முடிவு செய்கிறது.

பிச்சாவரம்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகக் காடு இது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் இடம்பிடித்தது. சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். கடலூரிலிருந்து வந்தால் மொத்தம் அறுபது கிலோமீட்டர் அளவுக்கு வரும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறையில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் இருக்கின்றன. வாடகை நேரக் கணக்கில்தான்.

மோட்டார் படகு எடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். அகன்ற கால்வாயில் வேகமாக ஒரு சுற்று, இரண்டு பக்கமும் தள்ளித் தெரியும் பச்சைச் சுவர், அவ்வளவுதான். குறுகிய வாய்க்காலுக்குள் அது நுழைய முடியாது. சுரபுன்னை மரத்தின் முட்டு வேர்கள் இரு கரையிலிருந்தும் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். ஆழம் சில இடங்களில் முழங்கால் அளவுகூட இல்லை. புரொப்பல்லர் வேரிலோ பழைய வலைத்துண்டிலோ சிக்கினால் அங்கேயே நின்றுவிடும். இன்ஜின் எழுப்பும் அலை கரைச் சேற்றையும் அரிக்கும். துடுப்புப் படகு மட்டும்தான் மரங்கள் மேலே கைகோத்து நிற்கும் அந்த நிழல் வாய்க்காலுக்குள் போகும். கிளை தலையில் இடிக்காமல் குனிய வேண்டியிருக்கும். பிச்சாவரம் என்று பேர் பெற்ற காட்சி அதுதான். ஆகவே இங்கே துடுப்பைத் தவிர வேறு எதற்கும் பணம் கட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் போதாது. போக வர அகன்ற நீரிலேயே பாதி நேரம் கரைந்துவிடும். இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

ஏறுவதற்கு முன்பே படகோட்டி அண்ணனிடம் இரண்டு விஷயம் பேசிவிட வேண்டும்: உள் வாய்க்காலுக்குள் போகுமா, திரும்பும் நேரமும் சேர்த்துத்தான் கணக்கா. நடுவழியில் "இன்னும் உள்ளே போகணும்னா தனி" என்ற பேச்சு எழும் இடம் இது. கரையிலேயே பேசி முடித்தால் இருவருக்கும் மனக்கசப்பு இல்லை. துடுப்பு போடுவது கடுமையான வேலை. நன்றாகச் சுற்றிக் காட்டியவருக்கு மனமுவந்து ஏதாவது கொடுப்பது வேறு விஷயம்.

கோயிலோடு உள்ள உறவு இங்கேதான் ஆழமானது. சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம் தில்லை. ஒரு காலத்தில் ஊரையே சூழ்ந்திருந்ததாகச் சொல்லப்படும் தில்லைவனத்தின் மரத்தை இன்று வளர்ந்த நிலையில் பார்க்க பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். கண்டுபிடிப்பது எளிது. முட்டு வேர் இருக்காது. சேற்றிலிருந்து ஆணி போல மேலே நீட்டும் மூச்சு வேரும் இருக்காது. வேர்கள் தரையோடு பின்னிக் கிடக்கும். மரம் முழுக்கப் பச்சையாக இருக்க, உதிரப்போகும் இலைகள் மட்டும் நல்ல சிவப்பாக மாறியிருக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பறிக்கக் கை நீளும். கூடாது. இலையைக் கிள்ளினாலே வெள்ளைப் பால் வரும். தோலில் பட்டால் கொப்புளம். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகும். பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். கழித் தண்ணீரில் கழுவாதீர்கள். ஒரு பாட்டில் குடிதண்ணீரைத் தனியாக வைத்திருங்கள்.

இன்னொன்றையும் படகோட்டியிடம் கேட்டுப் பார்க்கலாம். இயற்கை வாய்க்கால் பாம்பு போல வளையும். சில இடங்களில் மட்டும் ஒரு நடுவாய்க்காலிலிருந்து இரு பக்கமும் மீன்முள் போலக் கிளைகள் நேராகப் பிரியும். அவை மனிதர் வெட்டியவை. பழைய காலத்தில் காட்டைக் கூறு கூறாக மொட்டையடித்ததில் நிலம் தொட்டி போல அமிழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் வற்றி, உப்பு ஏறி, கண்டல் (அலையாத்தி) மரங்கள் செத்து, உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மட்டும் மிஞ்சியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகு மரம் மீண்டது. 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்ததை நினைத்துக்கொண்டு பார்த்தால், அந்த நேர்கோட்டு வாய்க்கால்களின் அருமை தெரியும்.

கழியில் இடுப்பளவு நீரில் இருளர் மக்கள் வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதும் கண்ணில் படும். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் வேலைக்கு விட்டிருப்பார்கள். அது அவர்கள் பிழைப்பு. படகைக் கிட்டே விடச் சொல்லிப் போட்டோ எடுப்பது நீரைக் கலக்கி இறாலை விரட்டுவதாகும்.

சுண்ணாம்பாறு

புதுச்சேரியிலிருந்து எட்டு கிலோமீட்டர். கடலூர் பஸ்ஸில் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். சங்கராபரணி கடலைச் சேருமுன் பிரியும் கிளைகளில் ஒன்று இது. சுற்றுலாக் கழகத்தின் பெரிய மோட்டார் படகு ஆற்றோடு போய், முகத்துவாரத்தை ஒட்டிய பாரடைஸ் பீச் மணல்திட்டில் இறக்கிவிடும். வழியில் கரையோரமாகக் கொஞ்சம் அலையாத்தி மரங்கள் தெரியும், அதற்கு மேல் காடு என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் பெரியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் மூன்றில் இதுதான் சரி. படகு அகலம், ஆட்டம் குறைவு, பெஞ்சில் உட்காரலாம். பிச்சாவரத்தில் நீர் வற்றியிருக்கும்போது துறைக்கும் படகுக்கும் இடையே ஒரு பெரிய படி அளவு இறக்கம் விழும். முட்டிவலி உள்ள பாட்டிக்கு அது பெரும்பாடு. இங்கே அந்தத் தொல்லை குறைவு. தொல்லை திரும்பும்போதுதான். ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் மணல்திட்டில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வரிசைக்கு வருவார்கள். காலையிலேயே போய், வெயில் ஏறுமுன் திரும்புவது நல்லது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பீச்சில் குளிப்பது பற்றி ஒரே வார்த்தை: முகத்துவாரத்தின் பக்கம் கால்கூட நனைக்க வேண்டாம். நீர் வற்றும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குள் இழுக்கும். மேலே அமைதியாகத் தெரியும்; அடியில் மணல் கரைந்து ஓடும். நீச்சல் தெரிந்தவரும் எதிர்த்து வர முடியாத இழுப்பு அது.

இந்த ஆற்றுக்குரிய கோயில் வில்லியனூர் பக்கத்தில், ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது: திருக்காஞ்சி கங்கைவராக நதீஸ்வரர். சங்கராபரணியில் மாசி மகத் தீர்த்தவாரிக்குப் பேர்போன இடம். 2023-ல் ஆற்றில் புனித நீராடும் புஷ்கரணி விழா நடந்ததும் இங்கேதான். படகு அதுவரை போகாது, ஆட்டோவோ காரோ வேண்டும். காலையில் திருக்காஞ்சி, பிறகு சுண்ணாம்பாறு என்று வைத்தால் ஒரே ஆற்றைக் கரைக்கு உள்ளே தள்ளியும் கடல்வாயிலும் பார்த்த மாதிரி ஆகும்.

அரியாங்குப்பம் ஆறு

சங்கராபரணியின் இன்னொரு கிளை. முருங்கப்பாக்கம், தேங்காய்த்திட்டு பக்கம் சிறிய அலையாத்திக் காடு இருக்கிறது. நாமே துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகான கயாக்கில் வழிகாட்டியோடு போகிறார்கள். இளவட்டங்களுக்கு ஏற்றது. நனையாமல் வர முடியாது. போனை நீர்புகா உறையில் போட்டுக் கழுத்தில் மாட்ட வேண்டும். இரண்டு பேர் கயாக்கில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும். முன்னால் உட்கார்ந்தால் மூக்கு அமுங்கி, திருப்பவே வராது. நகரத்துச் சாக்கடை கலக்கும் நீர், மீன்பிடித் துறைமுகமும் பக்கத்தில். கை காலில் வெட்டுக் காயம் இருந்தால் இந்தச் சவாரியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிக்கொண்டுவந்த இடம். இன்று தரையில் பார்க்க அதிகம் இல்லை. ஆனால் நீரிலிருந்து பார்த்தால் கப்பல் ஏன் இங்கே ஒதுங்கியது என்பது விளங்கும். கடல் அலையிலிருந்து மறைந்த அமைதியான ஆற்று வளைவு. கோயில் என்றால் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன். ஆடி வெள்ளித் தேரன்று மட்டும் அந்தப் பக்கம் படகு யோசனையே வேண்டாம். சாலை முழுக்கத் தேர்க் கூட்டம்தான்.

எப்போது போவது

இடத்தைவிட நேரம்தான் சவாரியைக் கெடுக்கிறது. இந்தக் கரையில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் அதிகம். அஷ்டமி பக்கம் குறைவு. பிச்சாவரத்தில் உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஏறுவது நல்ல கணக்கு. ஏறும் நீரோடு உள்ளே போகலாம், நீர் நிற்கும் நேரத்தில் உள் வாய்க்காலில் இருக்கலாம். வற்றத்தில் போனால் படகின் அடி சேற்றில் உரசும், உள் வாய்க்கால் மூடிவிடும். பறவை பார்ப்பவர்களுக்கு மட்டும் கணக்கு தலைகீழ்: சேறு வெளியே தெரியும்போதுதான் கொக்கும் உள்ளானும் மேய வரும். அன்றைய நேரத்தைக் கிள்ளை மீனவர்களிடமோ படகுத் துறையிலோ முந்தின நாளே கேட்டுக்கொள்ளலாம்.

முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும். துடுப்புப் படகு கிழக்கே போகும்போது எதிர்க்காற்று. இரண்டு மணி நேரச் சவாரியில் பார்க்கும் இடம் பாதியாகிவிடும். குடை விரித்தால் அது பாய் போலக் காற்றைப் பிடித்துப் படகைக் கரைக்குத் தள்ளும். தொப்பியும் துண்டும் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வெள்ளமும் புயல் எச்சரிக்கையும் வந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். தை, மாசி மிக நல்ல காலம். சித்திரை, வைகாசியில் போவதானால் முதல் படகு மட்டுமே.

லைஃப் ஜாக்கெட்டை வாங்கித் தோளில் மாட்டினால் போதாது. எல்லா பக்கிளையும் போட்டு, பட்டையை இழுத்து இறுக்கி, இரு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தளர்வு. தண்ணீரில் விழுந்தால் உடம்பு நழுவி ஜாக்கெட் மட்டும் மிதக்கும். குழந்தைக்குப் பெரியவர் அளவை மாட்டி முடிச்சுப் போடுவது மிகப் பெரிய தவறு. சிறிய அளவு இல்லையென்றால் குழந்தையைக் கரையில் ஒருவரோடு விட்டுவிடலாம். ஏறும்போது படகின் நடுவில் கால் வைத்து, உடனே உட்கார வேண்டும்.

சிதம்பரத்தோடு சேர்த்துத் திட்டமிடுபவர்களுக்கு நடை நேரம் முக்கியம். உச்சிவேளைக்குப் பின் நடராசர் சன்னதி சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். படகுத் துறை திறந்ததும் முதல் சவாரி, பதினொன்றுக்குள் கோயில் என்பது ஓட்டமாகத்தான் இருக்கும். முதியவர்கள் இருந்தால் காலை தரிசனம், மதியம் சாப்பாடும் ஓய்வும், மூன்று மணிக்கு மேல் நீர் ஏறும் நாளாகப் பார்த்துப் படகு என்று மாற்றலாம். அப்படியே திரும்பும் வழியில் தில்லைக் காளி கோயில்.

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு எழுந்தருள்வார். ஊர் முஸ்லிம்கள் தர்கா சார்பில் வரவேற்று மரியாதை செய்வார்கள். பார்க்க வேண்டிய நாள். ஆனால் பிச்சாவரம் போகும் அதே சாலைதான். காரை நகர்த்த முடியாது. அன்று பெருமாளை மட்டும் சேவித்துவிட்டு, படகை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.