மூணு பேஸ் மில்லிங் மெஷினை வீட்டு லைனில் ஓட்ட எது தோது?

திருச்சி துவாக்குடி பக்கம் பெல் (பிஎச்இஎல்) ஆலைக்கு வேலை செய்த பட்டறை ஒன்றிலிருந்து பழைய மில்லிங் மெஷினை எடைக்கு எடுத்து, மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ வீட்டுக் கொட்டகையில் இறக்கிவிடலாம். துருவை மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் பார்த்துக்கொள்ளும். ஆள் மாட்டிக்கொள்வது கரண்டில்தான். மோட்டார் கேட்பது 415 வோல்ட், மூணு பேஸ். வீட்டுக்கு வருவது 230 வோல்ட், ஒரே பேஸ்.

நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில், இல்லாத பேஸுக்குப் பதில் கெப்பாசிட்டர் போடு என்பார்கள். ஒரு பேஸ் போனாலும் மிச்சம் இரண்டை வைத்து போர் மோட்டார் ஓட்டிப் பழகிய ஊர் இது. காயில் கட்டுபவர் பேச்சோடு பேச்சாகக் கட்டித் தந்துவிடுவார். 230 வோல்ட்டில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 70 மைக்ரோஃபாரட் என்பது கணக்கு. மில்லிங்கில் ஸ்பிண்டில், அதாவது கட்டரைச் சுழற்றும் தண்டு, சுமையில்லாமல் கிளம்புவதால் மோட்டாரும் ஓடிவிடும். ஓடுவதைப் பார்த்துத்தான் ஏமாந்துபோகிறோம். பம்புக்கு ஸ்விட்ச் போட்டதிலிருந்து அணைக்கும்வரை ஏறக்குறைய ஒரே சுமை. அதற்கேற்றபடி கெப்பாசிட்டர் போட்டால் மூன்று காயிலிலும் கரண்ட் ஓரளவு சமமாகப் போகும். மில்லிங்கில் கட்டர் இரும்பில் இறங்கினால் ஒரு சுமை, வெளியே வந்தால் வேறு சுமை. முழுச் சுமைக்குப் போட்ட கெப்பாசிட்டர், வெட்டாமல் சும்மா ஓடும்போது கரண்டை ஏறுமாறாகப் பிரித்து மோட்டாரைச் சூடேற்றும். முழு பலமும் கிடைக்காது, மூன்றில் இரண்டு பங்குதான். மோட்டாரின் அதிர்வு வேறு வெட்டிய முகத்தில் வரிவரியாகத் தெரியும். போருக்குச் சரி, மில்லிங்குக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

3 எச்பி வரைக்கும் நான் கைகாட்டுவது விஎஃப்டி டிரைவ், அதாவது மோட்டாரின் வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் பெட்டி. அதிலும் ஒரு பேஸை வாங்கி 230 வோல்ட்டில் மூணு பேஸாகத் தரும் ரகம். வாங்குவதற்கு முன் மோட்டாரின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு போல்ட், பித்தளைத் தகடுகள். நம் நாட்டில் 3 எச்பி வரை பெரும்பாலும் ஸ்டார் இணைப்புதான், அதாவது ஒரு வரிசை போல்ட் மூன்றும் தகட்டால் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அப்படியென்றால் ஒவ்வொரு காயிலும் 240 வோல்ட்டுக்குச் சுற்றியது. தகட்டைக் கழற்றி மேல் போல்ட்டையும் கீழ் போல்ட்டையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்தால் டெல்டா இணைப்பு, 230 வோல்ட் அப்படியே பொருந்தும். வெளியே மூன்றே ஒயர் வந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே இருக்கிறது. அதைப் பிரித்தெடுப்பது காயில் கட்டுபவர் வேலை. மழையில் கிடந்த மோட்டார் என்றால் ரோட்டரைக் கழற்றி, உள்ளே 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு ஈரத்தைப் போக்கி, 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷன் பார்த்த பிறகே லைன் கொடுங்கள்.

டிரைவில் மெஷின் அதிராமல் கிளம்பும், நாப்பைத் திருகினால் வேகம் மாறும். அதற்காக எல்லா வேகத்தையும் அதிலேயே பார்த்துவிட முடியாது. 25 ஹெர்ட்ஸில், அதாவது பாதி வேகத்தில், பலம் பாதிதான், மோட்டாரின் சொந்த ஃபேனும் மெதுவாகிவிடும். பெரிய கட்டருக்கு, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் பேக் கியரைப் போட்டே இறக்க வேண்டும். இன்னொன்று, மெஷினில் இருக்கும் பழைய டிரம் சுவிட்சை (மோட்டாரை முன்னும் பின்னும் சுழலவிடும் கைப்பிடி சுவிட்ச்) டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் டிரைவே போய்விடலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. மற்ற ஊர்களில் பல்லி. சூட்டுக்காக டிரைவுக்குள் போய் டெர்மினலில் படுத்துக்கொள்ளும். மூடிய பெட்டியும், காற்றோட்டத்துக்கு வலை போட்ட துளையும் அவசியம்.

டிரைவ் தோற்கும் இடம் ஒன்று உண்டு. சில பழைய மெஷின்களில் ஸ்பிண்டிலுக்கு ஒன்று, டேபிள் ஃபீடுக்கு ஒன்று, கூலன்ட் பம்புக்கு ஒன்று என்று மூன்று மோட்டார் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவ் வாங்கினால் கட்டுப்படியாகாது. அங்கே ரோட்டரி கன்வெர்ட்டர்தான் தோது: ஸ்பிண்டில் மோட்டாரைவிட ஒன்றரை மடங்கு பெரிய பழைய மூணு பேஸ் மோட்டாரைச் சும்மா சுழலவிட்டு அதிலிருந்து மூன்றாவது பேஸை எடுப்பது. இரைச்சல் உண்டு, வேலை செய்யாவிட்டாலும் யூனிட் ஓடும். ஆனால் லேத்தையும் சேர்த்தே ஓட்டலாம்.

மோட்டாரையே சிங்கிள் பேஸுக்கு மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெஷினில் பிடிக்கும் ஃபிளேன்ஜ் பொருந்தாது, அதிர்வும் போகாது.

5 எச்பி என்றால் கதை வேறு. அந்த அளவிலிருந்து மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டிலேயே டெல்டாவில் ஓடுபவை. 230 கொடுத்தால் இழுவை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதற்கு இபியில் மூணு பேஸ் இணைப்பு வாங்குவதுதான் முறை. வாங்கினாலும் ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் இல்லாமல் ஓட்டாதீர்கள். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே போர் வைத்துக் குறுவை நாற்று விடும் ஊர்களில் வோல்டேஜ் இறங்குவதும் பேஸ் போவதும் தெரிந்த விஷயம்.

கொல்லையில்தான் போர் லைன் இருக்கிறதே, மூணு பேஸ், அதுவும் 1990-லிருந்து இலவசம், அதில் ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விவசாய இணைப்பில் மில்லிங் மெஷின் ஓட்டினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில், அதாவது அனுமதியில்லாத மின் பயன்பாட்டில், வந்துவிடும். கட்டணத்தை இரண்டு மடங்காகப் போட்டு வசூலிப்பார்கள்.