போராட்டக்காரரா, போராளியா, செயற்பாட்டாளரா?

2022 ஏப்ரல் 9 ஆம் திகதி கொழும்பின் காலிமுகத்திடலில் அரசாங்கத்துக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேலையை வைத்தது. போராட்டத்துக்குப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. போராட்டம் என்று பொருள்படும் ‘அரகலய’ என்ற சிங்களச் சொல்லைத் தமிழரும் அப்படியே எடுத்துக்கொண்டனர், இன்றும் வெள்ளவத்தையில் ‘அரகலய நேரம்’ என்று ஆண்டைக் குறிப்பிடாமலே பேசுகிறார்கள். ஆனால் அதில் நின்ற ஆளைத் தமிழில் எப்படி அழைப்பது? கையில் இருந்த சொற்கள் ஏராளம், அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டவை.

முதலில் ‘போராளி’யையும் ‘போராட்டக்காரர்’ என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ‘போர்’ என்ற ஒரே சொல்லின் வழிவந்தவை. தமிழ்நாட்டில் போராளி ஒரு பட்டம்: மணற்கொள்ளையை எதிர்ப்பவர் சுற்றுச்சூழல் போராளி, மதுக்கடையை மூடச் சொல்பவர் சமூகப் போராளி. இங்கே அச்சொல்லை அவ்வளவு இலேசாகக் கையாள முடியாது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பின்னர், புனர்வாழ்வு பெற்று வெளிவந்தவர்களை நமது பத்திரிகைகள் ‘முன்னாள் போராளிகள்’ என்றே எழுதுகின்றன, எந்த இயக்கம், என்ன போராட்டம் என்று எந்த வாசகரும் கேட்பதில்லை. ஆயுதம் என்ற பொருள் சொல்லுக்குள் அவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது. ஆகவே, கொழும்பில் குப்பைமேட்டுக்கு எதிராகப் பதாகை பிடித்த ஒருவரைப் ‘போராளி’ என்று புகழ்ந்து எழுதுகிறவர், தாம் அவருக்கு மாலை சூட்டுவதாக நினைத்துக்கொண்டு, அவரை வேறொரு கோப்புக்குள் செருகிவிடக்கூடும். இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 1979 இல் தற்காலிக ஏற்பாடாக வந்து 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்தான், 2022 ஆகஸ்டில் மாணவர் செயற்பாட்டாளர் மூவர் தடுத்து வைக்கப்பட்டனர்.

‘போராட்டக்காரர்’ இந்த ஆபத்து இல்லாதது. அதன் குறை வேறு. பால்காரர், கடைக்காரர், வண்டிக்காரர் என்று ‘காரர்’ ஒட்டிய சொற்கள் பலவும் ஒருவருடைய பிழைப்பைச் சொல்பவை; அதனால் ஒரு மாலை மட்டும் மெழுகுவர்த்தி ஏந்தி நின்ற வங்கி உத்தியோகத்தரும் போராட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்போல் ஒலிக்கிறார். ‘கலகக்காரர்’ என்றால் கேட்கவே வேண்டாம், தடியோடு வருபவர்களுக்கே ‘கலகத் தடுப்புப் பொலிஸார்’ என்று பெயர் இருக்கும்போது, எதிரே நிற்பவர் எவராயினும் கலகம் செய்தவராகிவிடுகிறார்.

மாறாக ‘ஆளர்’ மதிப்பைக் கூட்டும் விகுதி: எழுத்தாளர், செயலாளர், பேச்சாளர். ‘செயற்பாட்டாளர்’ இந்த வரிசையில் வந்து அமர்ந்த, ஓரளவு புதிய சொல். நீண்ட காலமாக ஒரு விடயத்துக்காக உழைக்கும் மனித உரிமைச் செயற்பாட்டாளர், காணி உரிமைச் செயற்பாட்டாளர் போன்றோருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. ஆனால் அதில் அலுவலக வாடை உண்டு. கருத்தரங்கு, தேநீர் இடைவேளை, அறிக்கை வெளியீடு எல்லாம் அதற்குள் கேட்கின்றன. மழையில் கூடாரத்துக்குள் படுத்திருந்த இளைஞனுக்கு அது பெரிய அளவுச் சட்டை.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் அந்த இடத்தில் விரும்பும் ‘ஆர்வலர்’ மிகப் பழைய சொல். அன்புக்கு அடைக்கும் தாழ் இல்லை என்று சொல்லும் திருக்குறளில் அது அன்புடையவரைக் குறிக்கிறது. இன்று சமூக ஆர்வலர், பறவை ஆர்வலர் என்று பரவிக் கிடப்பதால், ஓய்வுநேர விருப்பத்துக்கும் உயிரைப் பணயம் வைக்கும் ஈடுபாட்டுக்கும் வேறுபாடு காட்ட அதற்கு வலுவில்லை.

அகராதிகள் தரும் ‘கிளர்ச்சியாளர்’ கடலின் எந்தக் கரையில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1965 ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி என்றால் தமிழ்நாட்டு மாணவர் வீதியில் இறங்கியது. 1971 ஏப்ரல் கிளர்ச்சி என்றால் மக்கள் விடுதலை முன்னணியினர் இலங்கையின் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியது. இடையில் ஆறே ஆண்டுகள், ஒரே சொல். அதைவிடப் பழைய கணக்கும் உண்டு: 1818 இல் பிரித்தானியர் துரோகியெனத் தண்டித்துத் தலையை வெட்டிய கண்டிக் கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல இன்று தேசிய வீரர்.

‘மறியல்’ இன்னும் வேடிக்கையானது. சென்னையில் மறியல் செய்தவரைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். இங்கே உள்ளே வைப்பதற்கே மறியல் என்று பெயர். விளக்கமறியல் என்ற சொல்லோடு வளர்ந்த கொழும்பு வாசகர் ‘மறியலில் ஈடுபட்டார்’ என்ற தொடரை ஒரு கணம் தடுமாறித்தான் கடக்கிறார்.

சிங்களத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது குழி வேறிடத்தில் இருக்கிறது. எதிர்ப்புப் போராட்டத்துக்கு அங்கே ‘விரோததாவ’ என்ற சொல் சாதாரணமாக வழங்குகிறது. நமக்கோ விரோதம் என்றால் பகை. அவசரத்தில் எழுதப்பட்ட ஓர் அறிக்கையின் வரைவில், எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் அனைவரும் ‘விரோதிகள்’ ஆகியிருந்ததை நான் ஒருமுறை அச்சுக்குப் போகும் முன் திருத்தியிருக்கிறேன்.

ஆதரவாளர் பக்கத்துச் சொற்களை நீளமாக ஆராயத் தேவையில்லை. ‘ஆதரவாளர்’ வெப்பமில்லாத, நம்பகமான சொல். தேர்தல் செய்திக்கு அது போதும். ‘தொண்டர்’ அடியார் மரபிலிருந்து கட்சிக்கு வந்தது, தமிழ்நாட்டு மேடைக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். இங்கே அது சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியரையே பலருக்கு நினைவூட்டும். ‘மொழிப்பற்றாளர்’, ‘மொழிவெறியர்’ என்ற இணை மட்டும் கவனத்துக்குரியது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே மனிதரையே குறிக்கின்றன. எது எழுதப்படுகிறது என்பது அவரைப் பற்றியல்ல, எழுதுகிறவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைப் பற்றியே தகவல் தருகிறது. ‘தீவிரவாதி’யும் அப்படியே. ஒரு கொள்கையில் கடுமையாக நிற்பவர் என்ற பொருளிலிருந்து, 2019 ஏப்ரல் 21 இன் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்நகரத்தில் அது முற்றாக விலகிவிட்டது.

என் தேர்வு இந்தப் பெயர்கள் எதிலும் இல்லை. தமிழின் வினையாலணையும் பெயர் நமக்குக் கிடைத்த பெரிய வசதி: ‘போராட்டத்தில் ஈடுபட்டோர்’, ‘கூடாரமிட்டிருந்தோர்’, ‘முழக்கமிட்டவர்கள்’. இவற்றில் ஆள் தம் செயலோடும் அதன் காலத்தோடும் மட்டுமே கட்டப்படுகிறார். காலிமுகத்திடலில் அன்று ஈடுபட்டவர் மறுநாள் அலுவலகம் திரும்பினால், அந்தப் பெயர் அவரைப் பின்தொடர்வதில்லை. ஆண்டுக்கணக்காக ஒரே விடயத்தில் நிற்பவருக்குச் ‘செயற்பாட்டாளர்’, மற்ற அனைவருக்கும் இந்த வடிவம் என்பதே நான் கைக்கொள்ளும் வழக்கம். இதற்கு ஒரு விலையும் உண்டு. ‘போராட்டத்தில் ஈடுபட்டோர்’ எந்தப் பத்திரிகையின் தலைப்புப் பத்தியிலும் அடங்காது. அங்கே இடத்தை அளந்து பார்த்துவிட்டு, நானும் ‘போராட்டக்காரர்’ என்றுதான் எழுதுகிறேன்.