ரான்சம்வேர் பூட்டிய கணினி: பணம் கட்டுவதா, மீட்பதா, காத்திருப்பதா?

படம் எதுவும் திறக்கவில்லை. ஃபைல் பெயர்களின் வாலில் புதிதாக நாலு எழுத்து ஒட்டியிருக்கிறது. ஃபோல்டருக்கு ஒன்றாகப் பணம் கேட்டு ஒரு கடிதம் கிடக்கிறது. இதுதான் ரான்சம்வேர்: ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கும் கீக்கு, அதாவது ரகசியச் சாவிக்கு, பணம் கேட்கும் நிரல். வைஃபையைத் துண்டித்து, வெளி டிஸ்க்குகளை உடனே பிடுங்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கணினியை அணைப்பதா, ஓடவிடுவதா என்பதில்தான் முதல் சிக்கல்.

ஓடவிடச் சொல்பவர்களிடம் காரணம் இருக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அதன் கீயை உருவாக்கிய பகா எண்கள் சில கணினிகளின் நினைவகத்திலேயே தங்கிவிட்டன. ரீஸ்டார்ட் செய்யாமல் வைத்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகளில் அவை அழியாமல் இருந்தால், வானாகிவி என்ற கருவியால் கீயை மீட்க முடிந்தது. ஆனால் இது அபூர்வம். கண்ணெதிரே ஃபைல் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தால், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கத்தான் சொல்வேன். பூட்டப்படாமல் மிஞ்சும் ஒவ்வொரு ஃபைலும் லாபம். எல்லாம் பூட்டி முடிந்துவிட்டது என்றால் அவசரமில்லை, ஹைபர்னேட் என்ற முறையில் அணைக்கலாம். நினைவகத்தில் இருப்பதும் டிஸ்க்கில் பதிந்துவிடும்.

அடுத்தது பணம். வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய ஸ்டாப் டிஜேவு (சுருக்கமாக டிஜேவு) வகை 980 டாலர் கேட்டது, 72 மணி நேரத்துக்குள் வந்தால் 490 என்று சலுகை காட்டியது. அந்தப் பாதி விலை, நம்மை யோசிக்கவிடாமல் செய்வதற்கான தந்திரம். பணம் கட்டியவர்களில் கீ கிடைத்தவர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2017 ஜூனில் வந்த நாட்பெட்யா தாக்குதலில், கப்பம் கட்டியவர்கள் தொடர்புகொள்ள வேண்டிய மின்னஞ்சல் முகவரியே முடக்கப்பட்டது. அதன் அமைப்பும் ஃபைல்களைத் திருப்பித் தரும்படியானதல்ல. போன பணத்தைக் கேட்டு எங்கே போவது? நான் கட்ட மாட்டேன்.

மீட்டுத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தத் தொழில்நுட்பத்தில் திறப்பதாகச் சொல்லிவிட்டு, பின்னால் குற்றவாளிக்கே பணம் கட்டிய அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி 2019இல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. எந்த முறையில் திறப்பார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லாதவரிடம் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

பூட்டைத் திறக்கும் இலவசக் கருவியான டிக்ரிப்டர்தான் நியாயமான முதல் முயற்சி. ஐரோப்பிய ஒன்றியக் காவல் அமைப்பான யூரோபோல், நெதர்லாந்து காவல்துறை, பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களான காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில், பூட்டப்பட்ட ஒரு ஃபைலையும் அந்தக் கடிதத்தையும் ஏற்றினால், என்ன வகை, அதற்குச் சாவி உண்டா என்று பார்த்துச் சொல்லும். டிஜேவுவில் இன்னொரு நுணுக்கம்: தாக்கும்போது அதன் சர்வரோடு தொடர்பு கிடைக்கவில்லை என்றால், பலருக்கும் பொதுவான ஆஃப்லைன் கீயால் பூட்டும். அந்தக் கீ வெளியே வந்தால் திறக்கலாம். சர்வரிலிருந்து தனிக் கீ வாங்கிப் பூட்டிய புதிய வகை என்றால் இப்போதைக்கு வழியில்லை.

பழைய ஃபைல்களைத் தேடும் ரெக்கவரி மென்பொருள்? நம்பிக்கை குறைவு. பெரும்பாலான ரான்சம்வேர், விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் ஷேடோ காப்பி என்ற பழைய நகல்களை முதலிலேயே அழித்துவிடும். எஸ்எஸ்டி வகை டிஸ்க்கில், அழித்த ஃபைலின் இடத்தைத் துடைத்துவிடும் ட்ரிம் வசதி இயங்குவதால், அழிந்தது அநேகமாக அழிந்ததுதான். ஆனால் டிஜேவு ஒரு ஃபைலின் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டுகிறது. சின்ன ஆவணம் முழுதும் போய்விடும். பெரிய வீடியோவின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அதைச் சீர்செய்யும் கருவிகள் உண்டு. குழந்தையின் முதல் நடை பதிவான வீடியோ உள்ளே இருந்தால் இதை முயலாமல் விடாதீர்கள்.

பலர் ஒரு வழியாகவே நினைக்காதது காத்திருப்பது. என் ஓட்டு அதற்குத்தான். 2014இல் கிரிப்டோலாக்கர் என்ற ரான்சம்வேரின் கீகள் கைப்பற்றப்பட்டு இலவசமாகக் கிடைத்தன. 2016 மே மாதம் டெஸ்லாகிரிப்ட் என்ற இன்னொன்றின் கும்பலே தன் மாஸ்டர் கீயை வெளியிட்டது. 2019இல் கேண்ட்கிராபுக்கும் கீ வந்தது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்தவர்களுக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. அதனால் பூட்டிய ஃபைல்களையும், கடிதத்தையும், டிஜேவு என்றால் சி டிரைவில் சிஸ்டம்ஐடி ஃபோல்டரில் இருக்கும் அடையாள எண்ணையும் தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஃபைல் பெயரை மாற்ற வேண்டாம்.

அப்புறம் கணினி. ஆன்டிவைரஸால் சுத்தம் செய்வதா, ஃபார்மேட் செய்வதா என்றால், தயங்காமல் ஃபார்மேட். டிஜேவு பல நேரம் பாஸ்வேர்டு திருடும் நிரலையும் கூட்டி வரும். மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து அன்றைக்கே மாற்ற வேண்டும்.

பேக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தவிப்பு பெரிதாக இல்லை. கழற்றி வைத்த டிஸ்க், இணையத்தில் சேமிக்கும் மேகத்தைவிட (கிளவுட்) உறுதியானது. மேகத்தில் ஒத்திசைவு மட்டும் இருந்தால் பூட்டிய ஃபைலே அங்கேயும் போய்ச் சேரும். பழைய பதிப்புகளை அது வைத்திருக்கிறதா என்று பாருங்கள்; மைக்ரோசாஃப்டின் மேகச் சேவையான ஒன்டிரைவின் சந்தாதாரர்கள் 30 நாளுக்குள் அதிலுள்ள எல்லாவற்றையும் பின்னோக்கி மீட்கலாம். ஆனால் விண்டோஸைப் புதிதாக நிறுவி முடிக்கும்வரை அந்த நல்ல டிஸ்க்கைச் செருகாதீர்கள். இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பதற்காகக்கூட வேண்டாம்.