கொல்லையும் தோட்டமும்: எடிட்டர் வைத்து நூல் வெளியிட்ட அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு, பதிப்பகம் எதையும் நாடாமல் என் நூல்களை நானே வெளியிட்டு வருகிறேன். 2018இல் வந்த முதல் நாவலுக்கு எடிட்டர் என்று எவரும் இல்லை. மின்னூலாகக் கிண்டிலில் ஏற்றியிருந்ததால், வாசகர் ஒருவர் சுட்டிய பிழைகளைத் திருத்திக் கோப்பை மறுபடியும் ஏற்ற முடிந்தது; திருத்துமுன் அதே கோப்பிலிருந்து அச்சிட்ட நூறு படிகளில் மிஞ்சிய பதினெட்டோ "சுவற்றில்" என்ற சொல்லோடு இன்றும் பரண்மேல் கிடக்கின்றன. "சுவரில்" என்றுதான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாததன்று. எழுதியவனே திரும்பத் திரும்பப் படிக்கும்போது, தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனத்தில் இருப்பதையே கண் படித்துக்கொள்கிறது.

ஆகவே 2020இல் இரண்டாவது நூலுக்கு, நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில், தனித்துப் பணியாற்றும் ஒருவரை அமர்த்தினேன். பக்கத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் 210 பக்கங்களுக்கு 5,250 ரூபாய். பத்தே நாளில் கோப்பு திரும்பி வந்தது. ஒற்றுகள் சரியாக விழுந்திருந்தன; "ஒரு", "ஓர்" குழப்பம் தீர்ந்திருந்தது. எவையெவை மாற்றப்பட்டன என்று காட்டும் தடம் மட்டும் அதில் இல்லை, நானும் கேட்கவில்லை. அச்சாகி வந்த பிறகுதான், நாவல் முழுவதும் இருந்த "கொல்லை" என்ற சொல் "தோட்டம்" ஆகியிருப்பதைக் கண்டேன்.

இதில் என்ன கேடு என்று வேறு மாவட்டத்துக்காரர் கேட்கலாம். தஞ்சைப் பக்கம் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். எங்கள் பக்கம் அது வானம் பார்த்த புன்செய் நிலம். கிணற்றுப் பாசனம் உள்ளதுதான் தோட்டம். மழை பொய்த்ததால் ராகி கருகும் கொல்லையில் நின்று வானத்தைப் பார்க்கும் என் கதாபாத்திரம், திருத்தப்பட்ட நூலில் தோட்டத்தில் நின்று வானத்தைப் பார்த்தது. கிணற்றை வைத்துக்கொண்டு ஏன் இந்த ஆள் அழுகிறான் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. மொத்தமாகத் தேடி மாற்றியதில் "கொல்லைக்காரர்" என்பதும் "தோட்டக்காரர்" ஆகி, நான்கு ஏக்கருக்குச் சொந்தக்காரர் யார் வீட்டிலோ பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவராகிவிட்டார்.

அவர்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமன்று. "திருத்திக் கொடுங்கள்" என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் களையும் மெய்ப்புப் பார்ப்பது வேறு, சொல்லையும் நடையையும் சீராக்கிப் பிரதியைச் செம்மையாக்குவது வேறு, கதையின் கட்டமைப்பையே ஆராய்ந்து கருத்துச் சொல்வது வேறு என்பதும், மூன்றுக்கும் கூலியும் காலமும் வேறு என்பதும் எனக்கு அப்போது தெரியாது. மெய்ப்புக்கான கூலியைக் கொடுத்துவிட்டு, செம்மையாக்கத்தை எதிர்பார்த்திருக்கிறேன்.

2022இல் சென்னையில் இருக்கும் ஓர் எடிட்டரிடம் மூன்றாவது நாவலைக் கொடுத்தேன். அவர் விலை பேசுவதற்கு முன் பத்துப் பக்கங்களை வாங்கித் திருத்தி அனுப்பினார். அதைப் பார்த்தே ஒப்புக்கொண்டேன். சொல்லுக்கு நாற்பது காசு, 46,000 சொற்களுக்கு 18,400 ரூபாய், பாதி முன்பணம், இரண்டு சுற்றுகள் என்று மின்னஞ்சலில் எழுதிக்கொண்டோம். பணியைத் தொடங்குமுன், வட்டாரச் சொற்கள் அனைத்தையும் பொருளோடு பட்டியலிட்டுத் தருமாறு கேட்டார். உரையாடலில் "ராகி", கதைசொல்லியின் குரலிலும் "ராகி", எங்கும் "கேழ்வரகு" இல்லை என்பன போன்ற முடிவுகள் முதல் வாரத்திலேயே எழுத்தில் வந்துவிட்டன. திருத்தங்கள் கூகுள் ஆவணத்தில் பரிந்துரைகளாகவே வந்தன. ஏற்பதும் மறுப்பதும் என் கையில் இருந்தது.

ஆனால் அவருக்குக் கொடுத்த பணம் ஒற்றுக்காக அன்று, அவர் ஓரத்தில் எழுதிய கேள்விகளுக்காகத்தான் என்று நினைக்கிறேன். நாவலில் மாசியில் மாம்பூவைப் பார்த்துக் குத்தகை பேசிய வியாபாரி, அடுத்த அத்தியாயத்தில் பங்குனியிலேயே பெங்களூரா ரக மாங்காயை மாங்கூழ் ஆலைக்கு லாரியில் ஏற்றிவிட்டார். "ஒரே மாதத்தில் காய் முற்றிவிடுமா, சார்?" என்று எடிட்டர் கேட்டிருந்தார். பூ விட்டதிலிருந்து காய் முற்ற மூன்றரை, நான்கு மாதம் ஆகும் என்பது மாந்தோப்புக்காரன் மகனான எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆயினும் எழுதியவன் நான்தான்.

இன்னொரு கேள்வி ஓர் அத்தியாயத்தையே மாற்றியது. 1998இல் நடக்கும் காட்சியில், ஒருவர் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போவதாக எழுதியிருந்தேன். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்ததே 2004 பிப்ரவரி 9 அன்றுதான். எனவே அவரைப் பேருந்தில் ஏற்றித் தருமபுரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அரை நாள் கூலியை விட்டுவிட்டு, மடித்த மனுவைச் சட்டைப்பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அவர் போகும் அந்தப் பயணந்தான் நூலில் பலரும் குறிப்பிட்டுப் பேசிய பகுதி.

குறைகளும் உண்டு. ஐப்பசி தொடங்கினால் சென்னைப் புத்தகக் காட்சிக்கான வேலைகள் குவிந்துவிடுவதால், பொங்கல் வரை அவரிடமிருந்து பதில் வருவதே அரிது. இப்போது சித்திரையிலேயே பிரதியை அனுப்பிவிடுகிறேன். நீண்ட வாக்கியத்தைக் கண்டால் வெட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. அதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. செலவைப் பொறுத்தவரை, மூன்றாவது நூல் இதுவரை 260 படிகள் விற்றிருக்கிறது. படிக்கு எழுபது ரூபாய்க்கு மேல் செம்மையாக்கத்துக்கே போயிருக்கிறது. அச்சுக்கூலியையும் கழித்தால் கைக்கு மிஞ்சுவது சொற்பமே.

2024இல் வந்த நான்காவது நூலுக்குச் சொல்லுக்கு ஐம்பது காசாக உயர்த்தினார், கொடுத்தேன். அதன் ஏழாம் அத்தியாயத்தில், கொள்ளு விதைக்கும் இடத்தை ஏதோ நினைப்பில் தோட்டம் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில், "இது கொல்லை அல்லவா, சார்?" என்று கேட்டிருந்தார். கிணறு இல்லாத நிலந்தான், மாற்றிக்கொண்டேன்.