கேம்பர் வேன் வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? கிருஷ்ணகிரியில் எங்களுக்கு நடந்தது

போன ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி பைபாஸில் அந்த வண்டியை மறுபடியும் பார்த்தேன். அதே வெள்ளை டிராவலர் வேன், பின்கதவில் அதே தென்னைமர ஸ்டிக்கர். ஜன்னலோரம் இரண்டு குழந்தைகள். வண்டி சேலம் பக்கம், அதாவது தொப்பூர் கணவாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அன்று இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு நானும் வீட்டுக்காரரும் ஆறு நாள் பயணம் திட்டமிட்டிருந்தோம். முதலில் கொல்லிமலை, அங்கிருந்து தரங்கம்பாடி, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி, திரும்பும்போது திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை. கிருஷ்ணகிரியில் ஒருவர் பழைய டிராவலரில் படுக்கை, அடுப்பு, ஏசி எல்லாம் வைத்து கேம்பர் வேனாக வாடகைக்கு விடுவதாகத் தெரிந்தவர் சொன்னார். நாளுக்கு 4,500 ரூபாய், டெபாசிட் 15,000. மொத்தப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு ஒரு வெள்ளைத்தாளில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது இது: "அக்கா, வழியில போலீஸ் கேட்டா வாடகை வண்டின்னு சொல்லாதீங்க. சொந்தக்காரங்க வண்டின்னு சொல்லிடுங்க." அங்கேயே சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். லீவு போட்டாகிவிட்டது, மூட்டை கட்டியாகிவிட்டது என்று இருவரும் வாயை மூடிக்கொண்டு கிளம்பினோம்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். டிரைவரோடு வரும் வாடகை வண்டி என்றால் மஞ்சள் போர்டு. இந்த வண்டிக்கு இருந்ததோ சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு. அதற்கு எடுத்திருக்கும் இன்சூரன்ஸும் சொந்த உபயோகத்துக்கானதுதான். வாடகைக்கு ஓடும்போது விபத்து என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடலாம். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் வண்டி எந்த வகை, இன்சூரன்ஸ் எதுவரை என்று நொடியில் வந்துவிடும். நாங்கள் அதைச் செய்யவில்லை.

பாளையம் டோல்கேட்டைத் தாண்டித் தொப்பூர் இறக்கம் தொடங்கியது. எத்தனை விபத்துகளைப் பார்த்த இடம் அது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதி இறக்கத்தில் கருகிய வாடை. "பிரேக் கீழ போயிட்டே இருக்கு"ன்னு இவர் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. முன்னால் லோடு லாரி. செகண்ட் கியருக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரம் கட்டினார். அரை மணி நேரம் சக்கரம் ஆறும்வரை காத்திருந்து, கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம்.

சேந்தமங்கலத்தில் ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பிரேக் லைனிங், அதாவது சக்கரத்தின் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி வரைக்கும் தேய்ந்து, ரிவெட் உரசி டிரம்மில் கோடு கோடாகப் பள்ளம். விரலை வைத்தால் நகம் மாட்டுகிறது. "ஏத்தத்துல தெரியாது சார், இறக்கத்துலதான் இது வேலையைக் காட்டும்" என்றார். டயரின் பக்கவாட்டில் 1517 என்று இருந்ததைத் தொட்டுக் காட்டினார். 2017ஆம் வருடம் 15ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தமாம். பட்டன் (தரையில் படும் பக்கத்து வெட்டுகள்) நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரப்பரில் மயிரிழையாக வெடிப்பு. பிரேக் வேலைக்கு மட்டும் 6,800 ரூபாய். வண்டிக்காரருக்கு போன் போட்டால், "நல்லாத்தான் குடுத்தேன், நீங்க மிதிச்ச மிதியில போயிருக்கும்" என்றார். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே நாளில் லைனிங் ரிவெட் வரை தேயுமா?

அந்த டயரை நம்பி 70 கொண்டை ஊசி வளைவு ஏற மனம் வரவில்லை. காரவள்ளி வரை போய் மலையைக் கீழிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டையைப் பார்த்து, கடல் சத்தத்தில் தூங்கலாம் என்று படுத்தோம். "ராத்திரி பூரா ஏசி ஓடும்" என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தார். முக்கால் மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கூவி நின்றுவிட்டது. உள்ளே இருந்தது 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றே ஒன்று. கணக்குப் போட்டால் 1,800 வாட்-ஹவர், அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு டன் ஏசிக்கு அது எந்த மூலைக்கு? புழுக்கமும் கொசுவும் தாங்காமல் நடு இரவில் காரைக்காலில் லாட்ஜ் தேடினோம். அடுத்த நாளே ஊர் திரும்பிவிட்டோம். புதுச்சேரி போகவே இல்லை.

வண்டியை விட்டபோது பேட்டரி செத்துவிட்டது, அடியில் கீறல் என்று சொல்லி 15,000-த்தையும் பிடித்துக்கொண்டார். எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்திருந்தால் கீறல் பேச்சே வந்திருக்காது. தயவுசெய்து அடிப்பக்கம், டயர் எண், கிலோமீட்டர் எல்லாம் தெரிய, வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். ஏசியை அங்கேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பலன் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இரண்டு வருடம் வரை நேரம் உண்டு, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. அந்தக் குழந்தைகளைப் பார்த்த பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் வண்டி நம்பரோடு எழுதிக் கொடுத்துவிட்டேன். தென்னைமர ஸ்டிக்கர் வண்டிக்கு யாராவது முன்பணம் கட்டியிருந்தால், அந்த வெள்ளைத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.