காஞ்சிபுரத்தில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோயில் வாசலில் யாராவது வந்து "நெசவாளர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேங்க, கடை லாபம் இல்லாம எடுத்துக்கலாம்" என்றால் தயவுசெய்து போகாதீர்கள்.

தங்கை கல்யாணத்துக்கு அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகப் புடவை தேடி நாங்கள் அப்படித்தான் போனோம். முன்னறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளறை அலமாரி முழுக்கப் புடவை. கோர்வை (கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் நெசவு), அசல் ஜரிகை என்று சொல்லி 48,000 ரூபாய் வாங்கினார்கள். சில்க் மார்க் அட்டையும் தொங்கியது.

ரவிக்கைத் துணியை வெட்டிய டெய்லர் அக்காதான் முதலில் சந்தேகப்பட்டார். ஓரத்தில் பிரிந்த ஜரிகையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே வெள்ளை நூல். அசல் ஜரிகை என்பது சிவப்புப் பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. (சிவப்பு தெரிந்துவிட்டால் மட்டும் நம்பிவிடாதீர்கள், சாயமேற்றிய நூலிலும் போலி வருகிறது. உலோகத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் நிச்சயம்.)

பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் கொண்டுபோனோம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததுமே, "இது கோர்வையே இல்லம்மா" என்றார். கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலை ஓட்டும் தறிக் கருவி), இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. துணைக்கு இன்னொரு ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊடைக்கும் (குறுக்கு நூலுக்கும்) கரை இழையையும் உடல் இழையையும் கோத்து வாங்க வேண்டும். அதனால்தான் உடலின் நிறம் கரைக்குள் நுழையாமல் கரை தனி நிறமாக நிற்கும். எங்கள் புடவையிலோ பச்சைக் கரைக்குள்ளேயே அரக்கு ஊடை ஓடியிருந்தது. பட்டு என்னவோ பட்டுதான். சில்க் மார்க் அதற்கு மட்டும்தான் உத்தரவாதம். ஜரிகை அசலா, கைத்தறியா, கோர்வையா என்பதெல்லாம் அந்த அட்டையில் அடங்காது.

பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. தாலி ஏறும்போது உடுத்தும் புடவை அது. அம்மாவின் கல்யாணப் புடவையை இன்றும் வெள்ளைத் துணியில் சுற்றி, மடிப்பு மாற்றி மாற்றி வைத்திருக்கிறோம். 2005-06இலேயே புவிசார் குறியீடு வாங்கியது காஞ்சிபுரம் பட்டு. உட்கார்ந்து கோர்வை போடுகிறவருக்குச் சேர வேண்டிய விலையை ஒரு சாதாரணக் கரைப் புடவைக்குப் பேசி வாங்குகிறார்கள். இரண்டு ஆள் உழைப்புக்கு இனி யார் கூலி கொடுப்பார்கள்?

திரும்பப் போய்க் கேட்டோம். பில்லை எடுக்கச் சொன்னார்கள். அதில் 'ஃபேன்சி புடவை' என்று மட்டும்தான் இருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். அங்கேயும் முதலில் கேட்டது பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். கூட்டுறவுச் சங்கமோ தனிக் கடையோ, எங்கே எடுத்தாலும் 'தூய பட்டு, கைத்தறி, கோர்வை' என்பதையும் ஜரிகையில் வெள்ளி, தங்கம் எத்தனை சதவீதம் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.