ஒற்றைக் கோப்புக்காக முழு வி.எம்.மையும் இறக்க வேண்டுமா?

ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் வாசலில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். அப்படி ஒரு காலையில், நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் ஆலையிலிருந்து கணக்காளர் அம்மா அழைத்தார். ஒரு வாரத்து எடைச்சீட்டுகளைத் தொகுத்து வைத்திருந்த எக்செல் கோப்பின் மேல் யாரோ வெற்றுக் கோப்பைச் சேமித்துவிட்டார்கள். விவசாயிகளுக்குப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டிய நாள் அது. "பேக்கப் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் அம்மா" என்றேன். இருந்தது உண்மைதான். ஆனால் 300 ஜிபி வி.எம். (சர்வருக்குள் தனிக் கணினிபோல் ஓடும் மெய்நிகர் கணினி) முழுவதும் ஒரே பொட்டலமாக இருந்தது. அதை அப்படியே வேறொரு வி.எம். எண்ணில் இறக்கி, இயக்கி, உள்ளே நுழைந்து அந்தச் சின்னக் கோப்பை எடுத்துக் கொடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. "ஒரே ஒரு ஃபைல்தானே தம்பி, அதற்கு எதற்கு வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருகிறீர்கள்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கோப்பு அளவில் பேக்கப் எடுக்கும் வழிகளை ஒழுங்காக வைத்துப் பார்த்தேன். இந்த ஆலை, பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் நிறுவனம், தர்மபுரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். மூன்று இடத்திலும் ஒற்றை சர்வர், அதில் வி.எம்.களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருள், அதன் மேல் நான்கைந்து வி.எம்.கள். 2023 நவம்பரில் இதே வேலைக்கான மென்பொருளை விற்கும் விஎம்வேர், பிராட்காம் நிறுவனத்தின் கைக்குப் போய், அடுத்த மாதமே ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களின் விற்பனையை நிறுத்திய பிறகு, இந்த அளவு ஆட்களுக்குப் பிராக்ஸ்மாக்ஸ்தான் கைக்கு எட்டியது.

முதலில் பழைய வழி: பிராக்ஸ்மாக்ஸோடு கூடவே வரும் 'விஸட்டம்ப்'. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், யூஎஸ்பி டிஸ்க் போதும். சர்வரே எரிந்துபோனால் வேறொரு பெட்டியில் அப்படியே நிமிர்த்திவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முழுப் பொட்டலம். ஒற்றைக் கோப்பு வேண்டுமென்றால் மேலே சொன்ன கதைதான். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

இரண்டாவது, பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். 2020 நவம்பரில் முதல் பதிப்பு வந்தது. மென்பொருளுக்குக் காசு கிடையாது, ஆதரவுச் சந்தா வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம். இதுவும் வி.எம்.மின் டிஸ்கை முழுதாகத்தான் எடுக்கிறது, ஆனால் 4 எம்ஐபி (ஏறக்குறைய 4 எம்பி) துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி சேமிக்காது. கோப்பு வேண்டும்போது பின்னணியில் ஒரு குட்டி வி.எம்.மை எழுப்பி, டிஸ்கைப் படிக்க மட்டும் திறந்து, ஃபோல்டர்களை உலாவியிலேயே காட்டுகிறது. தேவையானதை ஜிப்பாக இறக்கிக்கொள்ளலாம். அந்த எடைச்சீட்டுக் கோப்பை இதில் தேடியிருந்தால் டீ ஆறுவதற்குள் கொடுத்திருப்பேன்.

இதிலும் இடறல்கள் உண்டு. கெஸ்ட்டுக்குள், அதாவது வி.எம்.முக்குள், விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் இருந்தால் வெளியிலிருந்து எந்த ஃபோல்டரும் தெரியாது. ஆடிட்டர் அலுவலகத்தில் அதுதான் நிலைமை. வாடிக்கையாளர்களின் கணக்கு என்பதால் பூட்டாமல் வைக்க மாட்டேன் என்கிறார்கள், அது நியாயமும்கூட. இன்னொன்று, எந்தத் துண்டு மாறியது என்ற குறிப்பு வி.எம். ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் நினைவில் இருக்கும். வி.எம்.மை முழுதாக நிறுத்திவிட்டால் குறிப்பு போய்விடும்; அடுத்த பேக்கப்பில் 300 ஜிபியையும் முதலிலிருந்து படித்தாக வேண்டும். புதிய துண்டு மட்டும்தான் வலையில் போகும், ஆனால் டிஸ்க் உருளும் நேரம் உருளத்தான் செய்யும். சீசன் முடிந்ததும் இரவில் சர்வரை அணைத்துவிட்டுப் போகும் ஆலைக்கு இது பெரிய விஷயம்.

மூன்றாவது வழியில் வி.எம்.மை வி.எம்.மாகவே பார்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனிக் கணினிபோல் நினைத்து, உள்ளேயே ஒரு பேக்கப் மென்பொருளை ஓட்டுவது. நான் பார்த்தவை ரெஸ்டிக், போர்க் இரண்டும். போர்க் அழகான கருவி, ஆனால் விண்டோஸில் நேரடியாக ஓடாது. எங்கள் ஊரில் விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருளான டேலி இல்லாத அலுவலகம் ஏது, அதனால் ரெஸ்டிக் என்று முடிவாயிற்று. கோப்புகளை உள்ளடக்கத்தைப் பார்த்துச் சராசரியாக 1 எம்ஐபி துண்டுகளாக வெட்டுகிறது, எல்லாவற்றையும் குறியாக்கம் செய்தே வைக்கிறது. விண்டோஸில் திறந்திருக்கும் கோப்புகளுக்கு, அந்தக் கணத்து நிலையைப் பிடித்துத் தரும் விஎஸ்எஸ் நிழல் பிரதியைப் பயன்படுத்தச் சொல்லலாம். நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டும். கடவுச்சொல்லைத் தொலைத்தால் பேக்கப்பும் தொலைந்தது, மீட்க வேறு வழி கிடையாது. ஆடிட்டர் அதை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுத் தன் பீரோவில் வைத்திருக்கிறார்.

இந்த வழியின் பலம் வலைவேகத்தில் தெரியும். எங்கள் இணைப்பில் மேலேற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 9 ஜிபி, எட்டு மணி நேர இரவில் 72 ஜிபி. 300 ஜிபி வி.எம்.மை முதல்முறை வெளியூருக்கு அனுப்ப ஒன்றரை நாள் வேண்டும். அதே வி.எம்.மில் உண்மையில் இழக்கக்கூடாதது டேலியின் தரவு ஃபோல்டர், எடைமேடைப் பதிவுகள், சில எக்செல் கோப்புகள், எல்லாம் சேர்ந்து 6 ஜிபி. நாற்பது நிமிடம். விண்டோஸையும் அதன் தற்காலிகக் கோப்புகளையும் ஓசூர் சாலை தாண்டி அனுப்பி வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

ஆனால் 'கோப்பு கோப்பாக எடுப்பதுதான் நுட்பமானது' என்று நினைத்துத் தரவுத்தளத்தின் மேல் கை வைத்தால் கை சுடும். ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கோப்புகளைச் சும்மா நகலெடுத்தால், முதல் கோப்பு இரவு 11.00 மணி நிலையிலும் கடைசிக் கோப்பு 11.07 நிலையிலும் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாது. முழு வி.எம். பேக்கப்போ ஒரே கணத்தைப் பிடிக்கிறது. தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அது கரண்ட் போய் வந்ததற்குச் சமம். கரண்ட் போவதற்குப் போஸ்ட்கிரஸ் பழக்கப்பட்டது, தன் பதிவேட்டைப் படித்துத் தானே எழுந்துகொள்ளும். ஆக, அசட்டையாக எடுத்த முழு பேக்கப் அசட்டையாக எடுத்த கோப்பு பேக்கப்பைவிட மேல். கோப்பு வழிதான் வேண்டுமென்றால் முதலில் போஸ்ட்கிரஸின் சொந்தக் கருவியான 'பிஜி டம்ப்' ஓடித் தரவை ஒரு கோப்பாக எழுத வேண்டும், ரெஸ்டிக் அந்தக் கோப்பை எடுக்க வேண்டும். டேலிக்கும் நான் இதையே செய்கிறேன்: அதன் சொந்த பேக்கப் வசதியில் ஒரு பிரதி, பிறகு அந்தப் பிரதி ரெஸ்டிக்குக்கு.

இன்னொரு பயம் பணயத் தீநிரல், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். உள்ளே ஓடும் மென்பொருளிடம் பேக்கப் கிடங்கின் சாவி இருக்கிறது. உள்ளே புகுந்தவன் கையிலும் அதே சாவிதான். வெளியிலிருந்து ஹைப்பர்வைசர் (வி.எம்.களை ஓட்டும் மென்பொருள், இங்கே பிராக்ஸ்மாக்ஸ்) எடுக்கும் பேக்கப்பில் இந்தச் சிக்கல் இல்லை. எடுக்கும் இடத்தின் முகவரிகூட கெஸ்ட்டுக்குத் தெரியாது. ரெஸ்டிக்கில் இதை அடைக்க, அதன் சொந்தச் சர்வர் மென்பொருளை, புதிய பேக்கப்பைச் சேர்க்க மட்டும் அனுமதிக்கும் முறையில் ஓட்டலாம். பழையதை அழிக்கும் வேலையைத் தனியாக, வேறொரு கணினியிலிருந்து செய்ய வேண்டும். கூடுதல் வேலைதான், ஆனால் இதைச் செய்யாத ரெஸ்டிக்கை நான் எங்கும் விட்டுவைப்பதில்லை.

கிரானைட் நிறுவனத்தில் கதை தலைகீழாயிற்று. ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு பலகையையும் முன்னும் பின்னும் படமெடுத்து வைப்பார்கள். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள். ரெஸ்டிக் ஒவ்வொரு இரவும் அத்தனை கோப்பின் பெயரையும் தேதியையும் விசாரித்துவிட்டுத்தான் நகர்கிறது. மாறியது இருநூறு படம், ஆனால் தேடலுக்கே வெகுநேரம். டிஸ்கைத் துண்டுகளாகப் பார்க்கும் பேக்கப் சர்வருக்குக் கோப்பு ஒன்றா கோடியா என்பதே தெரியாது. அங்கே அதுதான் வென்றது.

வீம் என்ற பேக்கப் மென்பொருளைப் பற்றிக் கேட்பார்கள், அதனால் ஒரு வார்த்தை. 2024இல் வந்த 12.2 பதிப்பிலிருந்து பிராக்ஸ்மாக்ஸுக்கும் ஆதரவு தருகிறது; இலவசச் சமூகப் பதிப்பில் 10 வி.எம். வரை எடுக்கலாம். கோப்பைத் தேடி எடுக்கும் திரை மற்ற எதையும்விடப் பழக எளிது. நான் இல்லாத நாளிலும் அலுவலக ஆட்களே மீட்டெடுக்க வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஒற்றை சர்வர் வைத்திருப்பவருக்கு அதற்கென்று தனி இடமும் நினைவகமும் ஒதுக்குவது எனக்கு உறுத்துகிறது. வேறொரு டிஸ்குக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் அப்படியே பிரதி எடுத்து, அழிந்ததை அங்கும் அழிப்பவர்களை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. வெற்றுக் கோப்பைச் சேமித்த அன்றிரவே அங்கும் வெற்றுக் கோப்புதான் இருந்திருக்கும்.

இப்போது மாங்கூழ் ஆலையில் பேக்கப் சர்வர் இரவு ஒருமுறை. டேலி, எடைமேடைத் தரவுக்கு மட்டும் ரெஸ்டிக், சீசனில் இரண்டு மணிக்கொருமுறை, வெளியூர்ச் சர்வருக்கு. ஆடிட்டர் அலுவலகத்தில் பூட்டு இருப்பதால் ரெஸ்டிக் தினமும், முழு வி.எம். வாரம் ஒருமுறை. கிரானைட்டில் பேக்கப் சர்வர் மட்டும். முதல் முழுப் பிரதியை வலையில் ஏற்ற மனமில்லாமல் ஒரு டிஸ்கில் எடுத்து, சோற்றுப் பையோடு தர்மபுரி பஸ்ஸில் நானே கொண்டுவந்து சேர்த்தேன்.